ஜோடி வேண்டாம் என்கிற மீன்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுக்குள் நுழைந்தால், முதலில் காதில் விழுவது ஏர் பம்புகளின் ‘கொர்ர்ர்’ சத்தம். அடுத்து விழுவது, “ஜோடி எவ்வளவு?” என்ற கேள்வி.

இங்கே மீனுக்கு ஜோடிக் கணக்கில்தான் பேரம். கப்பி ஒரு ஜோடி, மாலி ஒரு ஜோடி, ஏஞ்சல் ஒரு ஜோடி. தாம்பூலத்தில் வைக்கிற வாழைப்பழம் மாதிரி இரண்டாகத்தான் கொடுக்க வேண்டும். ஒற்றையாகக் கொடுக்கக் கடைக்காரருக்கே மனசு வராது. வாங்க வந்தவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். “ஒண்டியா இருந்தா பாவம்ல, துணைக்கு இன்னொண்ணு போடுங்கண்ணே” என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கண்ணாடித் தொட்டிகளில் ஒன்றில், விரல் நீளத்துக்குக் கன்னங்கரேலென்று ஒரு மீன் இருக்கும். வாலில் மட்டும் குங்குமத்தைக் கரைத்து ஊற்றினாற்போல் சிவப்பு. முதுகில் முக்கோணமாக ஒரு துடுப்பு, கொடி போல நிமிர்ந்து நிற்கும். பெயர் ரெட் டெயில் ஷார்க். பக்கத்துத் தொட்டியில் சாம்பல் நிற உடம்பும் சிவப்புத் துடுப்புகளுமாக இருப்பது ரெயின்போ ஷார்க். அதிலேயே வெளிறிய உடம்போடு இருப்பது அல்பினோ. ‘ஷார்க்’ என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் பிள்ளைகளுக்குக் கண் விரிந்துவிடும். வீட்டில் சுறா வளர்க்கிறோம் என்று திங்கட்கிழமை வகுப்பில் சொல்லலாமே! அப்பாக்களுக்கும் உள்ளூர அதே ஆசைதான். வெளியே காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

ஆக்ஸிஜன் நிரப்பிய பிளாஸ்டிக் கவரில் இரண்டு ஷார்க் ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடும். வம்பு அங்கேதான் ஆரம்பம். ஃபைட்டர் மீனுக்கு அடுத்தபடியாக, அந்தக் கடையில் ஜோடி சேர்க்கவே கூடாத மீன் இதுதான். ஃபைட்டர் சண்டை போடும் என்று அதன் பெயரே சொல்லிவிடுகிறது. அதனால் அதைத் தனித்தனிப் பாட்டிலில் வைத்திருக்கிறார்கள். ஷார்க்குக்கு அந்த வசதி இல்லை. கடைத் தொட்டியில் ஐம்பது குட்டிகள் ஒன்றாகத்தானே சாதுவாகத் திரிகின்றன!

சுறா இல்லை, கெண்டை

பெயரில் இருக்கும் சுறாவை முதலில் கழற்றி வைத்துவிடலாம். சுறாவுக்கு உடம்பில் எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. இந்த மீன்களோ முள்ளும் எலும்புமாக உள்ள கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ரெட் டெயில் ஷார்க்கை 1931-ல் அறிவியல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் ஹியூ ஸ்மித் என்ற அமெரிக்க மீன் நிபுணர். அன்றைய சயாம் அரசுக்கு மீன்வள ஆலோசகராக இருந்தவர். அவர் அதற்கு வைத்த பெயர் ‘லேபியோ பைகலர்’. லேபியோ என்றால் வேறு யாருமில்லை. மார்க்கெட்டில் துண்டு போட்டுத் தருகிற ரோகு மீனும் லேபியோதான். பிற்பாடு வகைப்பாட்டை மாற்றி இதை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருந்தாலும் சொந்தம் சொந்தம்தான். ரோகுவுக்கு ஒன்றுவிட்ட பங்காளி என்று தாராளமாகச் சொல்லலாம்.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கெண்டை இனத்துக்குத் தாடையில் பல்லே கிடையாது. தொண்டைக்குள்தான் பல் இருக்கிறது, இரையை அரைக்க. ஆக இந்த ‘ஷார்க்’ நினைத்தாலும் யாரையும் கடித்துக் குதற முடியாது. முட்டும், உரசும், உதட்டால் துடுப்பைப் பிடித்து இழுக்கும். எல்லாவற்றையும்விட அதிகமாக, விரட்டும். காலையில் விளக்குப் போட்டதிலிருந்து இரவு அணைக்கும்வரை விரட்டும். பல் இல்லாத அந்த மீனால் இன்னொரு மீன் சாகிறதென்றால், சாவது கடிபட்டல்ல. சாப்பிட விடாமல், ஒரு நிமிடம் நிற்க விடாமல், பயந்து பயந்தே சாகிறது. கிழிந்த துடுப்பில் பூஞ்சை பிடித்துச் சாகிறது. இல்லையென்றால் தொட்டியை விட்டே குதித்துவிடுகிறது.

பெரம்பூரில் ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது.

அப்பா ரயில்வே பணிமனையில் வேலை பார்ப்பவர். மகள் அப்போது ஆறாம் வகுப்பு. முழுப்பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் மீன்தொட்டி என்று வாக்குக் கொடுத்திருந்தார்; அவளும் வாங்கிவிட்டாள். இரண்டடித் தொட்டி வந்தது. அடியில் நீல நிறக் கூழாங்கல், பின்னால் கடலடிப் படம் போட்ட ஸ்டிக்கர், நடுவில் ஒரு பிளாஸ்டிக் செடி, மூடி திறந்து மூடிக் குமிழி விடும் புதையல் பெட்டி. நாலு மாலி, ஒரு ஜோடி ரெட் டெயில் ஷார்க். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் விளிம்புவரை ஊற்றினாலும் 57 லிட்டர் தண்ணீர்தான் பிடிக்கும். முழு வளர்ச்சி அடைந்த ரெட் டெயில் ஷார்க் கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர், சில சமயம் 15 வரைக்கும் போகும். இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பாட்டிதான் முதலில் கவனித்தார். சாயங்காலம் சீரியல் ஆரம்பிக்கும்வரை தொட்டி முன்னால் உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருவர்தான். “டேய், இந்தப் பெரிசு சின்னதை நிக்கவே விடமாட்டேங்குதுடா” என்று மகனிடம் சொன்னார். “விளையாடுதும்மா” என்றார் மகன். பத்து நாள் கழித்து ஃபில்டருக்குப் பின்னால், கறுப்பெல்லாம் வெளுத்துச் சாம்பலாகி, வால் நார் நாராகக் கிழிந்து, சின்னது மிதந்தது.

மகள் அழுதாள். அழுகையை நிறுத்த அப்பா என்ன செய்வார்? எல்லா அப்பாவும் செய்வதைத்தான். அன்றைக்கே கொளத்தூர் போய் இன்னொன்று வாங்கிவந்து ஜோடியை நிரப்பினார். மூன்றாவது நாள் காலையில் அது செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் காய்ந்து கிடந்தது. தொட்டிக்கு மூடி போட்டிருக்கவில்லை. இந்த இனம் நன்றாகத் துள்ளும். விரட்டப்பட்டால் இன்னும் நன்றாகத் துள்ளும்.

இந்தத் தடவை மகள் அழவில்லை. தொட்டிக்குள் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்த பெரியதையே ரொம்ப நேரம் பார்த்தாள். “இதுக்கு என்னதான்ப்பா வேணும்?” என்றாள்.

அவரிடம் பதில் இல்லை. அடுத்த ஞாயிறு அதே கேள்வியைக் கடையில் கேட்டார். மீன் பிடித்துப் போடுகிற பையன் ஒருவன், வலையைக் கீழே வைக்காமலே சொன்னான்: “இதுக்குத் துணையெல்லாம் வேணாம் சார். ஒண்ணே ஒண்ணு போதும். நாலடி டேங்க் வைக்க இடம் இருக்கா? செடி நட்டு வைங்க. இல்லன்னா இங்கயே திருப்பிக் குடுத்துடுங்க.”

வரப்புத் தகராறு

அந்தப் பையன் சொன்னதில் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும்.

ரெட் டெயிலும் ரெயின்போவும் ஆற்றின் அடிமட்டத்தில் வாழ்கிறவை. கல்லிலும் மரத்துண்டிலும் படரும் பாசியையும் அதில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களையும் சுரண்டித் தின்பவை. பாசி பிடித்த ஒரு கல் என்பது அதற்கு ஒரு காணி நிலம். அதை இன்னொருவன் மேய்ந்துவிட்டால் நாளைக்குச் சாப்பாடு இல்லை. ஆகவே, தன்னைப் போலவே உடம்பு, தன்னைப் போலவே வாய், தன்னைப் போலவே அடிமட்டத்தில் நடமாட்டம் உள்ள எவனைப் பார்த்தாலும் அதற்கு ஆகாது. மேல்மட்டத்தில் ஓடுகிற மீனை அது பெரும்பாலும் சட்டை செய்யாது. சொந்த இனம், பங்காளி இனம் என்றால்தான் வரிந்துகட்டிக்கொண்டு வரும். கிராமத்தில் வரப்பை ஒரு சாண் வெட்டிவிட்டான் என்று அண்ணன் தம்பிக்குள் மூளுகிற தகராறு இருக்கிறதே, அதேதான்.

அப்படியானால் கடைத் தொட்டியில் ஐம்பது குட்டிகள் சும்மா இருப்பது எப்படி? பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29C பஸ்ஸில் காலை எட்டரை மணிக்கு ஏறிப் பார்த்தால் தெரியும். இது என் இடம் என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது. அவரவர் காலை ஊன்ற இடம் கிடைத்தால் போதும். கூட்டம் இறங்கி, பஸ்ஸில் இரண்டே பேர் இருக்கும்போதுதான் ஜன்னல் சீட்டு யாருக்கு என்ற யோசனையே வரும். தவிர, கடையில் இருப்பவை குழந்தைகள். வளர வளரத்தான் இந்தக் குணம் முற்றும்.

ஜோடி சேர்த்தால் குஞ்சு பொரிக்கும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. சின்ன வயதில் ஆண் எது, பெண் எது என்று பார்த்துச் சொல்வது கிட்டத்தட்ட முடியாத காரியம். வீட்டுத் தொட்டியில் இவை முட்டையிடுவதும் மிக அரிது. கடைக்கு வருகிற குட்டிகளெல்லாம் பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டு இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. ஆக, துணை என்று எதைக் கொண்டுவந்து விட்டாலும் அதன் கண்ணுக்கு அது வரப்பு வெட்ட வந்தவன்தான்.

கருணையோடு வாங்கிவிடுகிற அந்த இரண்டாவது மீன்தான் இதில் அநியாயமாகச் சாகிறது. இரண்டு வேண்டாம் என்றால் ஐந்து, ஆறு விடலாமே, அடி பரவலாகிவிடுமே என்று சொல்பவர்களும் உண்டு. குளம் போன்ற தொட்டி இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். ஹாலில் டிவி பக்கத்தில் வைக்கிற தொட்டிக்கு அது பொருந்தாது.

பெரம்பூர் வீட்டில் நாலடித் தொட்டிக்கு அம்மா சம்மதிக்க ஒரு மாதம் ஆயிற்று. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 255 லிட்டர். தண்ணீர் மட்டுமே கால் டன்னுக்கு மேல். கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் தனி. “பீரோவை எங்க தூக்கிப் போடப் போறீங்க?” என்ற கேள்வி நியாயமானதுதான். கடைசியில் யாரோ வீடு மாற்றும்போது விற்ற பழைய தொட்டி வந்தது. பீரோ படுக்கையறைக்குப் போனது.

இந்தத் தடவை புதையல் பெட்டி இல்லை. அதற்குப் பதில் ஓட்டை போட்டு, பலமுறை கொதிக்கவைத்து நார் நீக்கிய இரண்டு கொட்டாங்குச்சி. பாட்டி எடுத்துக் கொடுத்த உடைந்த மண்சட்டி ஒன்று. வேரோடு ஒரு மரத்துண்டு. அதையும் கொதிக்கவைத்துத்தான் போட்டார்கள், அப்படியும் பத்து நாள் தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. மீனுக்கு அதனால் ஒன்றும் கெடுதல் இல்லை. பார்க்க வந்தவர்கள்தான் “என்னங்க, தண்ணி மாத்தலையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அப்புறம் செடி. பின்பக்கம் முழுக்க ரிப்பன் மாதிரி நீளமாக வளரும் வாலிஸ்நேரியா. நடுவில் கிரிப்டோகோரைன். மரத்துண்டில் நூலால் கட்டிய ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும். இந்த நான்குக்கும் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர், விலை கூடிய விளக்கு எதுவும் தேவையில்லை. சாதாரண எல்.இ.டி. விளக்கு தினம் ஏழெட்டு மணி நேரம் எரிந்தால் போதும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டின் கிழங்குத் தண்டையும் மணலுக்குள் புதைக்கக் கூடாது, புதைத்தால் அழுகிவிடும். கிரிப்டோகோரைன் நட்ட சில நாளில் இலையெல்லாம் கூழாகிக் கரையும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிபவர்கள்தான் அதிகம். விட்டுவைத்தால் வேரிலிருந்து புது இலை வரும். அம்மா பிடுங்கத்தான் போனார், மகள் விடவில்லை.

செடியை அழகுக்கு என்று நினைக்கிறார்கள். இந்த மீன் இருக்கும் தொட்டியில் செடிக்கு வேறு வேலை இருக்கிறது. அதுதான் வேலி. ஷார்க் விரட்டுவது கண்ணுக்குத் தெரிகிறவனைத்தான். விரட்டப்பட்ட மீன் ஒரு செடிப் புதருக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டால், ‘தொலைந்தான்’ என்று இது திரும்பிவிடும். வெறும் கூழாங்கல் தொட்டியில் ஓடுகிறவன் எந்த மூலைக்குப் போனாலும் கண்ணில் படுகிறான்; அதனால் விரட்டல் முடிவதே இல்லை. செடியும் மரமும் கொட்டாங்குச்சியும் பார்வையைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகின்றன. ஷார்க்குக்குத் தன் எல்லை எதுவரை என்று தெரிந்துவிடுகிறது. எல்லை தெரிந்த பிறகு அதற்கே அவ்வளவு கோபம் வருவதில்லை. மற்றபடி செடியை அது பெரிதாகத் தின்பதும் இல்லை; இலைமேல் படியும் பாசியைத் துடைத்துச் சாப்பிடும், அவ்வளவுதான்.

தொட்டி தயாரான அன்றே மீனை விட்டுவிடவில்லை. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாகும். அது விஷம். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு ஆபத்தில்லை, செடி அதை உரமாக எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சில் குடியேறிப் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். பழைய தொட்டியின் பஞ்சு ஒரு துண்டைப் புது ஃபில்டரில் வைத்தால் சீக்கிரம் ஆகும். ‘புதுத் தொட்டி ராசியில்லை, ஒரே வாரத்தில் எல்லாம் செத்துப்போச்சு’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த அம்மோனியாதான். ராசிக்கு அதில் பங்கில்லை.

வரிசையும் முக்கியம். முதலில் எட்டு டைகர் பார்ப், பிறகு பத்து ஜீப்ரா டேனியோ. அவை இடம் பழகி மூன்று வாரம் ஆன பின்தான் ஷார்க். கடைசியாக வருகிறவன் வந்த அன்றே ‘எல்லாம் என்னுது’ என்று சொல்ல முடியாது. முன்பே ஷார்க் இருக்கிற தொட்டியில் புது மீன் விட வேண்டுமானால் ஒரு வழி இருக்கிறது: கல்லையும் மரத்தையும் இடம் மாற்றி அடுக்கிவிட்டு விட வேண்டும். பழைய பட்டா செல்லாது. எல்லோரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

நாலடித் தொட்டிக்குள் போன ஷார்க் மூன்று நாள் கண்ணிலேயே படவில்லை. “அதுவும் போயிடுச்சா?” என்றார் பாட்டி. நான்காம் நாள் இடதுபக்கக் கொட்டாங்குச்சியின் ஓட்டை வழியாக ஒரு கறுப்பு மூக்கு தெரிந்தது. ஒரு வாரத்தில், வெளுத்துப்போயிருந்த உடம்பு மறுபடி மை மாதிரி ஆயிற்று. அதற்குப் பிறகும் விரட்டத்தான் செய்தது. கொட்டாங்குச்சியிலிருந்து ஓரடி சுற்றளவுக்குள் எந்த பார்ப் வந்தாலும் ஒரு பாய்ச்சல். பார்ப் செடிக்குள் நுழையும், ஷார்க் திரும்பிவிடும். அவ்வளவோடு சரி. ஒரு துடுப்பும் கிழியவில்லை. அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மீன் அதே இடதுபக்கக் கொட்டாங்குச்சியில்தான் இருக்கிறது.

யாரோடு சேரும்?

டைகர் பார்ப், டேனியோ, ரெயின்போ மீன் போல வேகமாக, மேலே, கூட்டமாக நீந்துகிறவை சேரும். கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர், தங்கமீன் போல மெதுவாக, நீண்ட துடுப்போடு அசைந்து வருகிறவை சேராது. அடிமட்டத்தில் மேயும் கோரிடோராஸ், பார்ப்பதற்கு ஷார்க் மாதிரியே இருக்கும் பாசி தின்னி மீன்கள், இன்னொரு நிற ஷார்க் எதுவும் கூடவே கூடாது. ரெட் டெயிலுக்கு ரெயின்போவைத் துணை சேர்ப்பது, அண்ணனுக்குப் பதில் சித்தப்பா மகனைக் கொண்டுவந்து நிறுத்துகிற மாதிரிதான்.

தீனி பெரிய செலவில்லை. அடியில் மூழ்கும் குருணை, வாரத்தில் இரண்டு நாள் வெள்ளரிக்காய்த் துண்டு, வெந்நீரில் வாட்டிய கீரை. சாப்பிட்ட மிச்சத்தை அன்றே எடுத்துவிட வேண்டும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்ற வேண்டும். மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு விட்டபின். முழுத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, கல்லையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, ‘பளிச்’ என்று வைப்பது மீனுக்குச் செய்கிற கொடுமை. பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாவும் அதோடு போய்விடும்.

சென்னையில் இந்த மீனுக்கு உண்மையான எதிரி மே மாதம். இதற்கு வசதியான வெப்பம் 24 முதல் 27 டிகிரி வரை. கத்திரி வெயிலில் மூடிய அறையில் தொட்டித் தண்ணீர் 32-ஐத் தாண்டும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும். மீனுக்கோ சூட்டில் மூச்சு அதிகம் வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் ஃபில்டரும் நின்றுவிடும். தண்ணீர் மேல்பரப்பைப் பார்த்து ஒரு சின்ன ஃபேன், பாட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று, இரண்டும் இருந்தால் கோடையைத் தாண்டிவிடலாம். ஃபேன் காற்றுக்காகத் தொட்டி மூடியை எடுத்தால் வலையாவது கட்ட வேண்டும். செருப்பு ஸ்டாண்டை மறந்துவிடக் கூடாது.

இத்தனை வீடுகளில் இருக்கும் இந்த ரெட் டெயில் ஷார்க், தன் சொந்த ஊரில் கிட்டத்தட்ட இல்லை. தாய்லாந்தின் சாவ் பிரயா ஆறுதான் அதன் ஊர்; பாங்காக் நகரம் இருப்பதும் அந்த ஆற்றங்கரையில்தான். அணைகள் எழுந்தன, சதுப்புநிலங்கள் வறண்டன, தொட்டி வியாபாரத்துக்காகப் பிடித்ததும் உண்டு. 1996-ல் இயற்கையில் அழிந்துவிட்டது என்றே பட்டியலிட்டார்கள். பிறகு அந்த ஆற்றுப் படுகையில் ஓரிடத்தில் கொஞ்சம் மீன்கள் இருப்பது தெரிந்து, 2011-ல் ‘அழிவின் விளிம்பில்’ என்று திருத்தினார்கள். பண்ணையில் லட்சக்கணக்கில் பிறக்கிறது, ஆற்றில் தேடினால் கிடைப்பதில்லை. அருகிலேயே இன்னோர் உதாரணமும் உண்டு. வெளிநாட்டுத் தொட்டிக்காரர்கள் ‘ரோஸ்லைன் ஷார்க்’ என்று சொல்வது, மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டுமே வாழும் ‘மிஸ் கேரளா’வைத்தான். வெள்ளி உடம்பில் கறுப்பும் சிவப்புமாக இரண்டு கோடு போட்ட அழகி. இதற்கு முரட்டுக் குணம் கிடையாது. கூட்டமாகத்தான் இருக்க ஆசைப்படும். அழகே வினையாகி, அதுவும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வாங்கினால் பண்ணையில் பிறந்ததுதானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, ‘முழுசா வளர்ந்தா இது எவ்வளவு நீளம்?’ என்பது. ஷார்க் என்ற பெயரில் விரல் நீளக் குட்டியாக விற்கப்படுபவற்றில் பாலா ஷார்க் ஓரடிக்கு மேல் வளரும். இன்னொன்று, வெள்ளி நிறத்தில் பளபளவென்று, மீசையோடு கண்ணாடியில் முட்டிக்கொண்டே இருக்கும். பல கடைகளில் அதற்கு வெறும் ‘ஷார்க்’ என்றுதான் பெயர். உண்மையில் அது மீகாங் ஆற்றுக் கெளுத்தி. ஆந்திராவில் குளம் குளமாக வளர்த்து மார்க்கெட்டுக்கு வருகிற பங்காஸ், ஹோட்டலில் ‘பாசா ஃபில்லே’ என்று தட்டில் வருவது, எல்லாம் அதுதான். நாலடிக்கு வளரும். நாலடித் தொட்டியில் நாலடி மீன்!

வளர்ந்துவிட்டது, இனி வைத்துக்கொள்ள முடியாது என்றானபின் பலர் செய்வது, ஒரு பக்கெட்டில் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து ஏரியில் விடுவது. ‘பாவம், அங்கேயாவது நல்லா இருக்கட்டும்’ என்ற நினைப்பு. இப்படித் தொட்டிகளிலிருந்து தப்பித்தும், தப்பிக்க விடப்பட்டும் வந்ததுதான் தென் அமெரிக்காவின் ‘டேங்க் கிளீனர்’ மீன். இன்று தமிழ்நாட்டின் பல ஏரிகளில் வலை வீசுகிறவர்களுக்குக் கெண்டைக்குப் பதில் இதுதான் குவியலாக வருகிறது. முதுகு முழுக்க முள்ளும் ஓடுமாக வலையைக் கிழிக்கிறது, கரையைக் குடைந்து முட்டையிடுகிறது, வாங்கவும் ஆளில்லை. பிடித்தவர்கள் கரையில் கொட்டிவிட்டுப் போகிறார்கள்.

கொளத்தூரிலிருந்து ரெட்டேரிக்கு நடந்தே போய்விடலாம். அதைவிடக் கிட்டத்தில் மீனை வாங்கிய கடை இருக்கிறது. வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. பணம் கிடைக்காது, சில இடங்களில் பதிலுக்கு ஒரு பாக்கெட் தீனி தருவார்கள். வாங்குகிற அன்றே, “பெரிசானா எடுத்துக்குவீங்களாண்ணே?” என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். “அதுக்குத் துணைக்கு இன்னொண்ணு போடவா சார்?” என்று அவர் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தக் காசுக்கு ஒரு கட்டு வாலிஸ்நேரியா வாங்கிக்கொள்ளலாம்.